விபி6-லேயே இருப்பதா, டாட்நெட்டுக்குப் போவதா?

புதிதாக ஒரு மென்பொருள் எழுதப்போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், மைக்ரோசாஃப்ட்டின் புதிய நிரலாக்கத் தளமான டாட்நெட்தான். விபி6-இல், அதாவது அவர்களின் பழைய விஷுவல் பேசிக் 6 மொழியில், 64-பிட் கிடையாது. அதன் டெக்ஸ்ட்பாக்ஸில் தமிழில் தட்டினால் கேள்விக்குறிகள்தான் வரும். என் கேள்வி, பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய நிரலைப் பற்றியது. என்னுடையதை நான் விபி6-லேயே வைத்திருக்கிறேன்.

1998-இல் வந்த மொழி இது. அதில் நிரல் எழுதும் கருவிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008 ஏப்ரலில் நிறுத்தியது. ஆனால் எழுதிய நிரல் ஓடத் தேவையான டிஎல்எல் (துணை நிரல் ஃபைல்) விண்டோஸ் 11-லும் கூடவே வருகிறது. செத்த மொழி என்கிறார்கள். அன்று கம்பைல் செய்த எக்ஸ்இ (நேரடியாக ஓடும் ஃபைல்) இன்றும் ஓடுகிறது.

டாட்நெட்டில் விபிக்கு வாரிசாக வந்த விபி டாட்நெட் பெயரில்தான் தங்கை. விபி6-இல் இன்டிஜர் என்ற முழு எண் 16 பிட், அங்கே 32. பெரிய முழு எண்ணான லாங் 32-லிருந்து 64 ஆனது. ஃபங்ஷனுக்கு மதிப்பை அனுப்பும்போது எதுவும் குறிப்பிடாவிட்டால் பைரெஃப் (மூல மாறியையே தருவது) என்றிருந்தது பைவேல் (நகலை மட்டும் தருவது) ஆனது. பல மதிப்புகள் சேர்ந்த ஒரு டைப்பை அப்படியே 'புட்' போட்டு ஃபைலில் எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதன் வலி தெரியும்: இன்டிஜரை, அங்கே 16 பிட்டாக உள்ள ஷார்ட் என்று மாற்ற மறந்தால், பழைய ரெக்கார்டுகள் பிழைச்செய்தி இல்லாமலே தப்பாகப் படிக்கப்படும். 2005-இல் எம்விபிகள் (மைக்ரோசாஃப்ட் கௌரவித்த வெளி நிபுணர்கள்) பலர் பழைய விபியைக் காப்பாற்றச் சொல்லி மனுப் போட்டது வெறும் பாசத்தால் அல்ல. அப்புறம் 2020-இல், விபி டாட்நெட்டையும் ஒரு மொழியாக இனி வளர்க்கப் போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. மாறுவதென்றால் நேராக டாட்நெட்டின் இன்னொரு மொழியான சி ஷார்ப்புக்குப் போய்விடுங்கள்.

ட்வின்பேசிக் என்றொரு மூன்றாவது வழி உண்டு. விபி6 நிரலை ஏற்று 64-பிட்டிலும் கம்பைல் செய்யும். சின்னத் திட்டங்களில் மட்டுமே ஓட்டிப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. பெரியதை நம்பி ஒப்படைக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

சரி, விபி6-இல் உண்மையான ஆபத்து எது? மொழி அல்ல, ஓசிஎக்ஸ்: நிரலின் திரைகளில் (ஃபார்ம்களில்) பொருத்தும் தயார்க் கண்ட்ரோல்கள் உள்ள ஃபைல்கள். வெளியார் விற்ற கிரிட், ரிப்போர்ட் கண்ட்ரோல்களுக்கு டிசைன் லைசென்ஸ், அதாவது ஃபார்மை வடிவமைக்கும்போது பயன்படுத்தும் உரிமம், வேண்டும். விற்ற நிறுவனம் மூடிவிட்டால், இருக்கும் எக்ஸ்இ ஓடும். புதுக் கணினியில் ஃபார்மைத் திறந்து திருத்த முடியாது. பராமரிப்பு அங்கேதான் முடங்குகிறது. உங்கள் விபிபி ஃபைலை (விபி6 திட்ட ஃபைல்) நோட்பேடில் திறந்து, 'ஆப்ஜெக்ட்' என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள். எல்லாம் மைக்ரோசாஃப்ட்டின் ஓசிஎக்ஸ் என்றால் தாராளமாக இருந்த இடத்திலேயே இருக்கலாம். லைசென்ஸ் கைவசம் இல்லாத ஒன்று இருந்தால், அதைத் தொடும் ஃபார்ம்களிலிருந்து மாற்றத்தைத் தொடங்குங்கள்.