யாங்கூன் மின்வெட்டில் நான்கு வருட டெபியன்

2021இல் லினக்ஸ் வகை இயங்குதளமான டெபியனின் 11ஆம் பதிப்பு வந்த கையோடு கடைக் கணினியில் அதைப் போட்டேன். யாங்கூனில் சின்ன டிடிபி கடை. கோயில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று தமிழும் பர்மியமும் ஒரே தாளில் வரும் வேலை. மியன்மார் 2019 அக்டோபரில் அங்கே மட்டும் புழங்கிய ஜோஜி எழுத்துருவிலிருந்து, உலகப் பொது முறையான யூனிகோடுக்கு மாறியபின், இரண்டு மொழியையும் சிதறாமல் அடிக்க எனக்கு லினக்ஸ்தான் தோதாக இருந்தது. வைரஸ் தொல்லை இல்லை, லைசென்ஸ் செலவு இல்லை. அதெல்லாம் பலரும் சொன்னதுதான். நான் சொல்ல வந்தது, கணினி ஒருநாள் பாதியில் நின்றுபோனதையும் அதை மீட்டதையும்.

டெபியன் 12க்கு மாற்றிக்கொண்டிருந்தபோது நடுவில் கரண்ட் போய்விட்டது. இன்வெர்ட்டர் பேட்டரியும் காலி. கரண்ட் வந்ததும் போட்டேன். துவக்க வரிகள் ஓடின. லாகின் திரை வரவேண்டிய நேரத்தில் ஒரு மின்னல், பிறகு இருட்டு. மறுநாள் தீமிதி நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். "தம்பி, காலையில கிடைச்சிடும்ல?" என்று கோயில் பெரியவர் போனில் கேட்கிறார்.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்தினேன், எழுத்துத் திரை வந்தது. அப்போதே பாதி உயிர் வந்துவிட்டது. இயங்குதளத்தின் மையமான கெர்னல் நன்றாக இருக்கிறது, திரைதான் கோளாறு. லாகின் திரையைக் கொண்டுவரும் லைட்டிஎம்மின் பதிவுக் கோப்பைத் திறந்தால், ஷேர்டு லைப்ரரியை (பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் கோப்பு) ஏற்ற முடியவில்லை என்ற வரி. அதில் லிப்ஹார்ஃப்பஸ் என்ற பெயர், கடைசியில் 'ஃபைல் டூ ஷார்ட்'.

அந்தக் கடைசிச் சொற்களைத்தான் கவனிக்க வேண்டும். 'நோ சச் ஃபைல்' என்று வந்தால் கோப்பு இல்லை, அல்லது அது இருக்கும் இடம் லைப்ரரிகளை ஏற்றும் லோடருக்குத் தெரியவில்லை. கோப்பு இருந்தால் எல்டிகான்ஃபிக் கட்டளையை ஓட்டிப் பார்க்கலாம், லைப்ரரிப் பட்டியல் புதுப்பிக்கப்பட்டுச் சரியாகிவிடும். 'டூ ஷார்ட்' அப்படியல்ல: பெயர் இருக்கிறது, உள்ளே சரக்கு இல்லை. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன், அளவு 0. எழுதியதாகச் சொல்லிவிட்டு எஸ்எஸ்டி வட்டு தன் தற்காலிக நினைவகத்திலேயே வைத்திருந்த நேரத்தில் கரண்ட் போயிருக்க வேண்டும்.

'கொ' என்று அடித்தால் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் உட்காரவைப்பது இந்த ஹார்ஃப்பஸ் லைப்ரரிதான். பர்மிய எழுத்துகளைக் கீழே கீழே அடுக்குவதும் அதுதான். லாகின் திரையை வரையும் ஜிடிகே, எழுத்தை அமைக்கும் பாங்கோ வழியாக அதைத்தான் கேட்கிறது. என் பிழைப்பைத் தாங்கும் கோப்பே வெறும் பெயராக நின்றது.

அன்றைக்கு நெட்டும் இல்லை. நல்லவேளை, வேலை பாதியில் நின்றதால் இறக்கிய பொதிகள் (நிரல்கள் வரும் மூட்டைகள்) ஏப்ட் கருவியின் சேமிப்பு அடைவில் அப்படியே கிடந்தன. அங்கிருந்தே டிபிகேஜி என்ற நிறுவும் கருவியால் அந்தப் பொதியை மறுபடி நிறுவினேன். அப்புறம் பாதியில் நின்ற மற்ற பொதிகளையும் கன்ஃபிகர் செய்து முடித்தேன். கோப்புகளைச் சரிபார்க்கும் டிபிகேஜி வெரிஃபை ஓட்டியதில் இன்னும் இரண்டு கோப்புகள் கெட்டிருந்தது தெரிந்தது, அவற்றையும் மாற்றினேன். பத்தரை மணிக்கு லாகின் திரை வந்தது, நோட்டீஸ் விடியலுக்குள் அச்சாகிவிட்டது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஒரு நிரல், பெயரின் கடைசியில் 5 என்று முடியும் லைப்ரரியைக் கேட்டால், கையிலிருக்கும் 6க்கு லிங்க் போட்டுச் சமாளிக்காதீர்கள். அந்த எண் மாறினாலே பழைய நிரலுக்கு ஒத்துவராது என்று பொருள். திறந்ததுபோல் திறக்கும், வேலை நடுவில் விழும்.

ஏறக்குறைய எல்லா நிரலும் நம்பியிருக்கும் அடிப்படை லைப்ரரியான லிப்சியே கெட்டால் கதை வேறு. நண்பர் கணினியில் அப்படித்தான் ஆனது; எல்எஸ்கூட ஓடவில்லை, லினக்ஸ் நேரே ஓடும் லைவ் பென்டிரைவிலிருந்து அவர் வட்டுக்குள் நுழையும் சிஎச்ரூட்டும் ஆகவில்லை. பென்டிரைவில் இருக்கும் கருவியாலேயே லிப்சி பொதியைப் பிரித்து, அதன் கோப்புகளை வெளியிலிருந்தே அவருடைய வட்டில் வைத்தோம்.

2025இல் டெபியன் 13 வந்தபோது முதல் நாள் பொதிகளை இறக்க மட்டும் செய்தேன். மறுநாள் பேட்டரி நிரம்பியபின் நிறுவினேன். நடுவில் கரண்ட் போகத்தான் செய்தது. இன்வெர்ட்டர் கடைசிவரை தாங்கியது.