பேட்டரி கிரிப் வாங்கப் போறவங்க ஒரு நிமிஷம் நில்லுங்க

கேனான் 80டி கேமராவுக்கு ஒரு பேட்டரி கிரிப் (கேமராவுக்கு அடியில மாட்டற பிடி, ரெண்டு பேட்டரி போடலாம், செங்குத்தா பிடிக்கும்போது அழுத்த பட்டனும் இருக்கும்), கூடவே ரெண்டு பேட்டரி. முழுப் பணமும் முன்கூட்டியே கட்டினது, முழுப் பணமும் போச்சு. கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். யார் வேணும்னாலும் கடை போடலாம்ங்கற மாதிரி ஒரு ஆன்லைன் சந்தை, அதுல நல்ல ஸ்டார் வாங்கி வச்சிருக்கற ஒரு கேமரா உதிரிச் சாமான் கடை. அதுக்கு மேல அடையாளம் சொல்லல.

"அசல் பிஜி-இ14"னு போட்டிருந்தான். 70டி, 80டி, 90டி மூணுக்கும் பொருந்தற மாடல் அதுதான், அதுவரைக்கும் பொய் இல்ல. நம்ப வச்சது சாட்தான். செங்குத்தா பிடிக்கும்போது ஷட்டர், மெயின் டயல், ஃபோகஸ் பண்ற ஏஎஃப்-ஆன் பட்டன் மூணும் வேலை செய்யுமான்னு கேட்டா, உடனே 80டியில மாட்டின போட்டோ வருது. "நானும் போட்டோகிராஃபர்தான் சார், தைரியமா வாங்குங்க." கேமராவோட பேட்டரி மூடிக் கீல்ல இருக்கற சின்ன பின்னைத் தள்ளி மூடியைக் கழட்டணும், அது தொலையாம இருக்க கிரிப்போட தண்டுலயே ஒரு பள்ளம் உண்டு, அதுல செருகிடணும்னு வரிசையா சொல்றான். அத்தனையும் சரி. தொழில் தெரிஞ்சவன் போலிச் சரக்கு விப்பானான்னு தோணும் பாருங்க, அந்த இடத்துலதான் பணம் கைமாறுது.

வந்த சரக்கைப் பாருங்க. தண்டு பேட்டரி அறைக்குள்ள போகுது. கிரிப்பை இறுக்கற திருகு சக்கரத்தை நிக்கற வரைக்கும் முறுக்கியும் கேமரா பாடிக்கும் கிரிப்புக்கும் நடுவுல விசிட்டிங் கார்டு நுழையுது. ஒரு கையில பாடியையும் மறு கையில கிரிப்பையும் பிடிச்சு லேசா முறுக்கினா ஆடுது. அந்த இடைவெளியை மூடறேன்னு இன்னும் இறுக்கினா சேதமாகறது கிரிப் இல்ல, கேமராவோட ட்ரைபாட் துளை. கால் இன்ச் மரை அது. தேஞ்சா பாடியையே பிரிக்கணும்.

ஆட்டத்தோட போச்சான்னா இல்ல. கனமான லென்ஸைப் போட்டு போர்ட்ரெய்ட்டா திருப்பினதும் பவர் கட். தண்டுல இருக்கற தகடுகள் பாடிக்குள்ள இருக்கற பின்களை விட்டுக் கணநேரம் விலகுது, அவ்வளவுதான் காரணம். கார்டுல எழுதற சிவப்பு விளக்கு எரியும்போது இது நடந்தா எடுத்த படம் காலி, கார்டே கெட்டுப்போகவும் வாய்ப்பு இருக்கு. ஷட்டர் பட்டன்ல பாதி அழுத்தம் எங்க முடியுதுன்னே விரலுக்குத் தெரியல, ஃபோகஸ் பண்ணப் போனா படமே விழுந்துடுது. டயலை ஒரு பக்கம் திருப்பினா அப்பர்ச்சர் மாறுது, மறுபக்கம் திருப்பினா கிணத்துல போட்ட கல்.

பேட்டரி அதுக்கு மேல. அசல் கேனான் பேட்டரி எல்பி-இ6என்னுன்னா 7.2 வோல்ட், 1865 எம்ஏஎச். அதைத்தான் தர்றதா சொன்னான். வந்ததுல 2600னு அச்சு. அச்சடிக்க மை மட்டும் போதுமே! கேமராவுல போட்டா பேட்டரியோட தொடர்புகொள்ள முடியலன்னு எச்சரிக்கை வருது, மெனுவுல பேட்டரித் தகவல் வரல. அதுல ஒண்ணு வயிறு உப்பி கிரிப்போட பேட்டரி ட்ரேயிலயே சிக்கிக்கிச்சு.

அப்புறம் ஆரம்பிச்சது தட்டிக்கழிக்கற படலம். முதல்ல "காண்டாக்டைத் துடைச்சுப் பாருங்க சார்." அப்புறம் "ஃபர்ம்வேர் அப்டேட் பண்ணுங்க." கடைசியா "உங்க பாடியிலதான் கோளாறு." அந்த "சார்" எங்கயோ காணாமப் போயிட்டாரு. கேமராவோட வந்த பேட்டரியை நேரா பாடியில போட்டா எந்தக் கோணத்துலயும் கட் ஆகல. அதே பேட்டரியை ட்ரேயில ஒவ்வொரு குழியா மாத்திப் போட்டா, ஒரு குழிக்கு உயிரே இல்ல. கோளாறு எங்கன்னு கண்டுபிடிக்க இதுக்கு மேல என்ன வேணும்? வீடியோ எடுத்து அனுப்பினா, "பெட்டி பிரிச்சாச்சு, ரிட்டர்ன் கிடையாது." பெட்டியைப் பிரிக்காம எப்படிய்யா மாட்டிப் பாக்கறது? சந்தைக்காரங்க விற்பனையாளர்கிட்ட பேசச் சொல்றாங்க, அவன் சந்தையில புகார் போடச் சொல்றான். போட்ட புகாரை "தீர்க்கப்பட்டது"ன்னு மூடிட்டாங்க. கிரிப்புக்கும் ரெண்டு பேட்டரிக்கும் கட்டின முழுப் பணத்துல சல்லிக்காசு திரும்பல. திரும்பச் சொல்றேன், முழுப் பணம்.

வாங்கும்போது என்னென்ன பாக்கணும்னு விரிவா எழுதறதாத்தான் இருந்தேன், இப்போ அதுக்குப் பொறுமை இல்ல. பார்சலைப் பிரிக்கறதுலேர்ந்து வீடியோ எடுங்க. சாட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. கிரிப்பை மாட்டும்போதும் கழட்டும்போதும் கேமராவை ஆஃப் பண்ணுங்க. இடைவெளி தெரிஞ்சா அதோட நிறுத்துங்க, இறுக்காதீங்க. உப்பின பேட்டரியைக் கத்தியோ ஸ்க்ரூ டிரைவரோ விட்டு நெம்பாதீங்க, சார்ஜும் போடாதீங்க, லித்தியம் அது, கிழிஞ்சா தீப்பிடிக்கும். நிக்கான் இசட்6, இசட்7 வச்சிருக்கறவங்களுக்கு ஒண்ணு: உங்க எம்பி-என்10 கிரிப்புல அசல்லயே செங்குத்து ஷட்டர் பட்டன் கிடையாது. இருக்குன்னு சொல்லி எவனாவது வித்தான்னா அந்த சாட்டை அப்பவே மூடுங்க.