காரைக்குடியில மானிட்டர் போலரைசர் ஃபிலிம் மாத்துற கடை – பக்கவாட்டுல பாத்தாலும் வானவில் கலர் இல்ல

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் யாருக்காவது எல்இடி டிவியோ மானிட்டரோ, அது மேல ஒட்டியிருக்கிற போலரைசர் ஃபிலிம் (ஒரே திசையில அதிருற வெளிச்சத்த மட்டும் விடுற ஃபிலிம்) கெட்டுப்போயி மாத்தணும்னா, செக்காலை ரோட்டுல இருந்து பிரியிற சந்துல இருக்கிற சின்ன சர்வீஸ் கடைக்கு தைரியமா போங்க. கடை பேர போட வேணாம்னு அந்த அண்ணனே கேட்டுக்கிட்டாரு, ஒத்தை ஆளா வேலை பாக்குறாரு, அதனால போடல. ஆனா அவரு செஞ்ச வேலைய பத்தி விவரமா எழுதியே ஆகணும், ஏன்னா ஃபிலிம் மாத்துறதுன்னா சைஸும் ஆங்கிளும் சரியா இருந்தா போதும்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க, அது போதாது.

நான் கண்டாங்கி சேலை ஆன்லைன்ல விக்கிறேன். அரக்கு, கடுகு மஞ்சள், கருப்பு, இந்த மூணும் திரையில சரியா தெரியலன்னா எனக்கு பொழப்பே இல்ல, வாங்குறவங்க ஃபோட்டோவ நம்பித்தான் காசு போடுறாங்க. மானிட்டர் பட்டாலையில, அதாவது கூடத்துல இருக்கு, வளவு (உள்முற்றம்) வெயில் சாயங்காலம் நேரா அது மேல விழும். அதுல மேல் ஃபிலிம் மஞ்சளாகி, ஓரமெல்லாம் சுருங்கி, கிட்ட போனா வினிகர் வாடை வேற. அந்த வாடை எதுக்குன்னா, போலரைசருக்கு மேல காப்பா ஒட்டியிருக்கிற டிஏசி (செல்லுலோஸ் ட்ரைஅசிட்டேட்) ஃபிலிம் சூட்டுலயும் ஈரத்துலயும் சிதைஞ்சா அசிட்டிக் அமிலம் வெளிய வரும், வினிகர்ல இருக்கிறதும் அதேதான்.

முதல்ல வேற ஊர்ல ஒரு கடையில மாத்தினோம். நேரா உக்காந்து பாத்தா நல்லாத்தான் இருந்துச்சு. கொஞ்சம் பக்கமா நகந்தா வெள்ளை பேக்ரவுண்டுல ரோஸும் பச்சையுமா பட்டை பட்டையா ஓடுது, அரக்கு சேலை ஒரு ஓரத்துல பச்சை தட்டுது. இன்னும் மோசம் எங்கன்னா, எங்க வீட்டு தரை ஆத்தங்குடி கல்லு, கண்ணாடி மேல ஊத்தி வார்க்கிறதால அதுக்கு இயல்பாவே ஒரு பளபளப்பு உண்டு, அந்த தரையில விழுற மானிட்டர் பிம்பத்த நின்னு பாத்தா அந்த கலர் பட்டை அப்படியே எடுப்பா தெரியுது. கேட்டதுக்கு "புது ஃபிலிம்னா அப்படித்தான் இருக்கும், போகப் போக சரியாயிரும்"னாங்க. போகப் போக சரியாகுற விஷயமே இல்ல இது.

செக்காலை அண்ணன் மானிட்டர ஆன் பண்ணி வெள்ளை ஸ்கிரீன் வச்சாரு, கையில ஒரு வெட்டுத் துண்டு போலரைசர எடுத்து கண்ணு முன்னாடி மெல்ல சுத்தி காமிச்சாரு. "ஆச்சி, ஆங்கிள் சரியாத்தான் ஒட்டியிருக்காங்க, மேல இருக்கிறது சாதா பெட் ஃபிலிம், அதான் கோளாறு"ன்னு ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டாரு. பெட்டுங்கிறது (PET) தண்ணி பாட்டில் செய்யிற அதே பிளாஸ்டிக். அப்புறம் அவரு சொன்னதும் நான் படிச்சு தெரிஞ்சுக்கிட்டதும் சேத்து சொல்றேன்.

போலரைசர்ங்கிறது ஒரே ஃபிலிம் இல்ல. நடுவுல பிவிஏங்கிற பிளாஸ்டிக் ஃபிலிம், அத ஒரு பக்கமா இழுத்து அயோடின் ஏத்தியிருப்பாங்க, 1938ல எட்வின் லேண்ட் கண்டுபிடிச்ச முறைதான் இன்னைக்கும் அடிப்படை. பிவிஏவுக்கு ஈரம் ஆகாதுங்கிறதால ரெண்டு பக்கமும் காப்பு ஃபிலிம் ஒட்டுவாங்க. பழைய வழக்கம் டிஏசி, அது வெளிச்சத்த எந்தப் பக்கமும் பெருசா பிரிக்காது. பெட் அப்படி இல்ல, உறுதியானது, ஈரத்துக்கும் தாங்கும், ஆனா தயாரிக்கும்போதே இழுத்து நீட்டுறதால உள்ள இருக்கிற மூலக்கூறெல்லாம் வரிசை கட்டி நின்னுரும், உள்ள நுழையிற வெளிச்சம் ரெண்டா பிரிஞ்சு ரெண்டும் வேற வேற வேகத்துல போகும். வெளிய வரும்போது ஒண்ணு கொஞ்சம் பின்தங்கியிருக்கும், அந்தப் பின்தங்கல் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு மாதிரி விளையாடும். நேரா பாத்தா கண்ணுக்குத் தெரியாது, சாய்ச்சு பாத்தா ஃபிலிமோட மேல்பரப்பே அரைகுறை போலரைசரா வேலை செய்யுது, அப்பதான் கலர் வெளிய வருது. எங்க வீட்டு தரையும் அதே வேலையத்தான் செஞ்சிருக்கு, பளபளப்பான தரையில செங்குத்துல இருந்து சுமார் 56 டிகிரி சாய்வுல பட்டுத் திரும்புற வெளிச்சம் கிட்டத்தட்ட முழுசா ஒரே திசையில போலரைஸ் ஆயிரும். இத கேட்டப்ப எனக்கு உண்மையிலயே சிலிர்த்துப் போச்சு.

இதுக்கு வழி ரெண்டு. ஒண்ணு டிஏசி மாதிரி பிரிக்காத ஃபிலிமாவே போடுறது. இன்னொண்ணு தலைகீழான யோசனை, அந்தப் பின்தங்கல குறைக்காம வேணும்னே ரொம்ப அதிகமாக்குறது, பல ஆயிரம் நானோமீட்டர் அளவுக்கு. அப்ப கலர் பட்டையெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு அவ்வளவு நெருக்கமா விழுந்து கண்ணு வெள்ளையாவே எடுத்துக்கும். ஜப்பான்ல டொயோபோ கம்பெனி இந்த மாதிரி பெட் ஃபிலிம் போடுறாங்க. இது வெள்ளை எல்இடி பேக்லைட்டுக்குத்தான் (திரைக்குப் பின்னாடி எரியிற விளக்கு) நல்லா ஒத்துவரும், அதுல எல்லா நிறமும் இடைவெளி இல்லாம தொடர்ச்சியா இருக்கும், பழைய குழாய் பேக்லைட்டுல கூர்கூரா சில நிறம் மட்டும் தூக்கலா இருக்கும், அதுல பட்டை முழுசா மறையாது. என் மானிட்டர் எல்இடிதான், ஆனாலும் அண்ணன்கிட்ட அப்ப டிஏசிதான் ஸ்டாக் இருந்துச்சு, அதையே போடச் சொல்லிட்டேன்.

இதுல இன்னொரு தொல்லையும் இருக்கு, அதையும் இதையும் போட்டு குழப்பிக்கக் கூடாது. கீறல் விழாம இருக்க ஃபிலிம் மேல ஹார்டு கோட் பூசுவாங்க, சில மைக்ரான் கனம்தான். பெட்டோட ஒளிவிலகல் எண் 1.65 பக்கம், கோட்டிங் 1.5 பக்கம், ரெண்டுக்கும் இடைவெளி அதிகம்ங்கிறதால கோட்டிங்கோட மேலயும் அடியிலயும் பட்டுத் திரும்புற வெளிச்சம் ஒண்ணோட ஒண்ணு மோதி, தண்ணியில எண்ணெய் படர்ந்த மாதிரி கலர் வளையம் தெரியும், டியூப் லைட்டுக்கு அடியில ரொம்பவே தெரியும். இதுக்கு நல்ல கம்பெனிங்க நடுவுல 1.57 வாக்குல ஒரு மெல்லிய அடிப்பூச்சு குடுப்பாங்க, கனம் 90 நானோமீட்டர் பக்கம். ஸ்கிரீன் ஆஃப் பண்ணியிருக்கும்போதும் கலர் தெரிஞ்சா அது பெரும்பாலும் கோட்டிங் வேலை, ஆன் பண்ணி சாய்ச்சு பாத்தா மட்டும் தெரிஞ்சா பெட் வேலை. அண்ணன் ரோல்ல இருந்து வெட்டுறதுக்கு முன்னாடியே டியூப் லைட்டுக்கு அடியில பிடிச்சு இத காமிச்சாரு, கேக்காமலேயே.

வேலை பொறுமையாத்தான் நடந்துச்சு. பழைய ஃபிலிம சூடு காட்டி தாழ்வா மெதுவா உரிச்சாரு, வெடுக்குன்னு இழுத்தா பேனல் ஓரத்துல இருக்கிற ரிப்பன் இணைப்பு போயிரும், அதோட பேனலே போச்சு. பசைய துடைக்கவே ரொம்ப நேரம் ஆச்சு. தூசி அடங்கட்டும்னு தரையில தண்ணி தெளிச்சு, ஃபேன அணைச்சுட்டுத்தான் ஒட்டினாரு, அந்த புழுக்கத்துல அவரு வேர்த்து விறுவிறுத்துப் போயிட்டாரு பாவம். எனக்கு கூலியும் ஃபிலிமும் சேத்து 1800 ரூபா ஆச்சு. வீட்டுக்கு கொண்டாந்து அதே தரையில பிம்பம் பாத்தேன், ஒரு பட்டை இல்ல. அரக்கு எந்தப் பக்கம் நின்னாலும் அரக்காவே இருக்கு, பக்கத்துல சேலைய விரிச்சு வச்சே பாத்துட்டேன்.

குறைன்னா, கீழ் இடது மூலையில ஒரு தூசி உள்ள மாட்டியிருக்கு, கருப்பு ஸ்கிரீன்ல மட்டும் புள்ளியா தெரியுது. பில்லு கையால எழுதித்தான் தர்றாரு. சொன்ன நாளுக்கு மேல ரெண்டு நாள் இழுத்துட்டாரு. பெரிய டிவி எடுக்க மாட்டாரு, 43 இன்ச் வரைக்கும்தான்.

போறவங்க மானிட்டர் பின்னாடி ஸ்டிக்கர்ல இருக்கிற மாடல் நம்பர ஃபோட்டோ எடுத்துட்டு போங்க, ஃபோன்லயே முன்கூட்டி கேட்டுக்கங்க, எந்த ஃபிலிம்னு கேக்கும்போது "ஆங்கிள் என்ன"ன்னு மட்டும் கேக்காம "மேல டிஏசியா, பெட்டா, பெட்டுன்னா எல்இடிக்கு ஒத்துவர்றதா"ன்னு கேளுங்க. போலராய்டு கூலிங் கிளாஸ் இருந்தா கையில எடுத்துட்டு போங்க, காசு குடுக்குறதுக்கு முன்னாடி கடையிலயே அத போட்டு, தலைய அப்படி இப்படி சாய்ச்சு, நாலு பக்கமும் நின்னு கலர் பட்டை தெரியுதான்னு பாத்துட்டு வாங்க. ஞாயித்துக்கிழமை கடை லீவு.