யாழ்ப்பாணத்து வெயிலுக்கும் மாரிக்கும் ஓட என்னத்தைப் போடுறது: கொட்டனா பொலியெஸ்ரரா, ஜக்கெற்றா வெறும் சட்டையா

போன மாசம் ரொறன்ரோவில இருந்து மச்சாள் அனுப்பின பார்சலுக்குள்ள ஓடுறதுக்கெண்டு ஒரு ஜக்கெற், தடிச்ச நீட்டுக்கை சட்டை, கையுறை எல்லாம் இருந்துது. சாமான் எல்லாம் நல்ல தரம், ஆனா அது பனி கொட்டுற ஊருக்குத் தைச்சது, அங்க உடம்புச் சூட்டை வெளிய விடாமப் பிடிச்சு வைக்கோணும், இங்க எங்களுக்கு உள்ள இருக்கிற சூட்டை எப்பிடி வெளிய கலைக்கிறது எண்டதுதான் பிரச்சினை. அதால நான் எந்த உடுப்பை எடுத்தாலும் ஒரு கேள்விதான் முதல்ல கேக்கிறனான், வேர்வை எங்க போகப்போகுது?

கொட்டன் ரீசேர்ட்டை எடுங்கோ. பஞ்சு நூல் தண்ணியைத் தனக்குள்ளயே இழுத்து வைக்கும், அரை மணித்தியாலம் ஓடினாப் போதும், சட்டை பாரமாகி முதுகில ஒட்டி, மார்பிலயும் கக்கத்திலயும் உரஞ்சத் தொடங்கியிடும். பொலியெஸ்ரர் நூல் தண்ணியைக் குடிக்கிறது மிச்சம் குறைவு, ஈரத்தைத் துணியின்ர மேல்பக்கம் பரப்பி விடும், காத்துப் பட்டாக் காயும். இதை எல்லாரும் சொல்லுவினம், ஆனா எங்கட ஊருக்கு இன்னொரு விசயம் இருக்கு. விடிய அஞ்சு மணிக்கு குளிர்ச்சியா இருக்கெண்டுதான் எல்லாரும் ஓடுறம், அந்த நேரம் காத்தில ஈரப்பதனும் கூட, காத்தும் அசையாமல் நிண்டுதெண்டா பொலியெஸ்ரரும் காயாது, ரெண்டுமே பிழிஞ்செடுக்கிற மாதிரி நனையும். பிறகென்ன வித்தியாசமெண்டா பாரமும் உரசலும்தான், அதிலயும் பொலியெஸ்ரர்தான் வெல்லுது. காத்தில்லாத விடியலில நான் கையில்லாத பெனியன்தான் போடுறனான், துணி எவ்வளவு குறையுதோ அவ்வளவு நல்லம். கக்கத்திலயும் தொடையிலயும் வசிலின் பூசாமல் 10 கிலோமீற்றருக்கு மேல போகாதேங்கோ. பொலியெஸ்ரரின்ர குறை மணம், எவ்வளவு தோய்ச்சாலும் திரும்ப வரும், வினாகிரி கலந்த தண்ணியில கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் தோய்ச்சாக் குறையும். நல்லூர் வீதியைச் சும்மா ரெண்டு சுத்து நடக்கிறவைக்கு கொட்டனே காணும், காசைச் செலவழிக்க வேண்டாம்.

வெயிலுக்கெண்டா கணக்கு மாறுது. சித்திரை மாசம் சூரியன் எங்கட தலைக்கு நேர மேல வருகுது, யாழ்ப்பாணத்தில இருந்து வேலணைத் தீவுக்குக் கடலுக்கு மேலால போற பண்ணைப் பாலத்தடியில ஒரு மர நிழல் இல்லை, கீழ கடல் தண்ணியில பட்டு வெளிச்சம் வேற முகத்தில அடிக்கும். அங்க எட்டு மணிக்குப் பிறகு ஓடவேண்டி வந்தா பெனியனை விட மெல்லிய நீட்டுக்கைச் சட்டைதான் நல்லம், கேக்க விசித்திரமா இருக்கும், போட்டுப் பாத்தா விளங்கும். வெள்ளைக் கொட்டன் வெயிலுக்குப் பாதுகாப்பெண்டு நினைக்கிறது பிழை, மெல்லிய வெள்ளைக் கொட்டன் காய்ஞ்சிருக்கேக்கயே புற ஊதாக் கதிரைக் கொஞ்சமாத்தான் மறிக்கும், நனைஞ்சா அதுவும் குறையும். யு.பி.எஃப் (துணி வெயில் கதிரை மறிக்கிற அளவு) 50 எண்டு போட்ட துணி கதிரில 50இல ஒரு பங்கைத்தான் உள்ள விடும். தொப்பியும் அப்பிடித்தான், உச்சி மூடின தொப்பியா உச்சி திறந்த வைசரா எண்டா, விடியலுக்கு வைசர், வெயில் ஏறினா மூடின மெல்லிய தொப்பி, அதைத் தண்ணியில நனைச்சுப் போட்டா இன்னும் சுகம்.

தென்மேற்கால அடிக்கிற சோளகக் காத்து நேரம் பண்ணைப் பாலத்தில போய்ப் பாருங்கோ. வேலணைப் பக்கம் போகேக்க காத்து முகத்தில அடிக்கும், கால் இழுக்கும், ஆனா வேர்வை காயும், உடம்பு குளிரா இருக்கும். திரும்பி வரேக்க காத்து முதுகால தள்ளும், நீங்களும் அந்தப் பக்கமே ஓடுறதால காத்தே இல்லாத மாதிரி இருக்கும், அப்பதான் சூடு ஏறும், கனபேர் திரும்பி வரேக்கதான் களைச்சு விழுறவை. அதால போகேக்க குளிருதெண்டு தடிப்பா ஒண்டும் போடாதேங்கோ, வாற வழியை நினைச்சு உடுங்கோ, தண்ணியையும் வாறதுக்கு மிச்சம் வையுங்கோ. நீண்ட ஓட்டத்துக்கு வெறும் தண்ணியை விட ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த தூள்) கரைச்சுக் கொண்டுபோறது நல்லம்.

மாரிக்குத்தான் சனம் கூடக் காசைக் கொட்டிறது. மழை ஜக்கெற்றா வெறும் சட்டையா? நான் ரெண்டையும் ஐப்பசி, கார்த்திகை மழையில பாத்திட்டன். ஜக்கெற் மழையை மறிக்குது, உள்ள வேர்வை அடைபடுது, கடைசியில உள்ளாலயும் நனைஞ்சு வெக்கையிலயும் வேகிறம். எங்கட மழை குளிர் மழை இல்லை, நனையிறதில ஒரு பிழையும் இல்லை, ஓடி முடிஞ்சோன்ன மாத்திறதுக்குக் காய்ஞ்ச சட்டையும் துவாயும் பொலித்தீன் பையில இருந்தாப் போதும். மச்சாளின்ர ஜக்கெற் நுவரெலியாவுக்கு ஓடப் போறவைக்குத் தாராளமா உதவும், அங்க தை மாசக் குளிரில அது வேணும்.

சப்பாத்தும் அதே கதைதான். தண்ணி உள்ள போகாத சப்பாத்தெண்டு கூட விலைக்கு விக்கிறது, ஈரப் புல்லுக்கு அது சரி, ஆனா றோட்டில கணுக்கால் அளவு வெள்ளம் நிண்டா மேலால உள்ள போன தண்ணி வெளிய வராது, வாளியில கால் வைச்சமாதிரி. வலைத் துணிச் சப்பாத்து உடன நனையும், உடன வடியும், எனக்கு அதுதான். சொக்ஸ் கொட்டன் வேண்டவே வேண்டாம், போன கார்த்திகையில கொட்டன் சொக்ஸோட ஓடி ரெண்டு குதியிலயும் கொப்புளம் உடைஞ்சு ஒரு கிழமை நடக்கேலாமப் போச்சு. இது சும்மா நோ எண்டு விடாதேங்கோ. 2024 மார்கழியில எங்கட மாவட்டத்தில எலிக்காய்ச்சல் பரவி உயிர்களும் போனது, அந்தக் கிருமி வெள்ளத் தண்ணியில இருந்து தோல் காயத்தாலயும் உள்ள போகும். காலில புண் இருந்தா வெள்ளம் வடியுமட்டும் துரையப்பா மைதானத்துப் பக்கமோ மேட்டு றோட்டோ பாருங்கோ, வயல்கரைப் பாதையை விடுங்கோ.

பொம்பிளைப் பிள்ளையளுக்கு லூஸான ட்ராக் பொட்டமா லெகிங்ஸா எண்டு தங்கச்சி கேட்டவள். நனைஞ்ச ட்ராக் பொட்டம் பாரமாகி முழங்காலில அடிக்கும், லெகிங்ஸுக்கு மேல நீட்டு ரீசேர்ட்தான் அவளுக்குச் சரிவந்துது.

மார்கழி, தை விடியலில 22, 23 பாகைக்கு இறங்கும், அம்மாக்கள் சுவெற்றர் போடச் சொல்லுவினம், முதல் பத்து நிமிசத்துக்குத்தான் அது தேவை. சுவெற்றரை விட மேல்கையில இருந்து மணிக்கட்டு மட்டும் மூடுற, கழட்டிச் சுருட்டி வைக்கக்கூடிய கைமூடி போதும்.

இருட்டுக்கு மட்டும் கஞ்சத்தனம் பாராதேங்கோ. பளிச்செண்ட மஞ்சள் சட்டை பகலிலயும் மங்கலிலயும்தான் வேலை செய்யும், நாலரை மணி இருட்டில லைற் பட்டுத் திரும்புற வெள்ளிப் பட்டிதான் ஓட்டுறவரின்ர கண்ணில படும். அதையும் நெஞ்சில மட்டும் இல்லாமல் ரெண்டு கணுக்காலிலயும் கட்டுங்கோ, கால் ஆடுறதைக் கண்டாத்தான் தூரத்திலயே ஆள் வாறதெண்டு பிடிபடும்.

நனைஞ்ச சப்பாத்தை வெயிலில மட்டும் வைக்காதேங்கோ, பசை விடும், அடிப்பாகம் இறுகிப் போகும். உள்ளுக்குப் பழைய பேப்பரை அடைஞ்சு, ரெண்டு மூண்டு மணித்தியாலத்துக்கொருக்கா மாத்தி, ஃபானுக்குக் கீழ வைச்சா விடியக் காய்ஞ்சிருக்கும்.