வவுனியாவில சனிக்கிழமை இஸ்லாமிய வரலாறு கிளாஸ்: காசு குடுத்துப் போகலாமா?

பட்டாணிச்சூர் பக்கம் ஒரு ரியூட்டரி ஹோல்ல பெரியாக்களுக்கெண்டு நடக்குற கிளாஸ் இது, இந்தமுறை தலைப்பு இஸ்லாமியச் சட்டத்தில அடிமை முறை. ஃபீஸ் 2000 ரூபா, போட்டோகொப்பியும் அதுக்குள்ள. நடத்துற இடத்தின்ட பேர் போடேல்ல, கொஞ்சம் குறையும் சொல்லப்போறன்.

எங்கட ஆக்களிட்ட அடிமை எண்டு வாயெடுத்தால் அடிமையா இருந்த நபித்தோழர் பிலால் ரலியின்ட கதைதான், சுடுமணல், நெஞ்சில கல்லு, அபூபக்கர் ரலி விலை குடுத்து உரிமை விட்டது, மார்க்க வகுப்பான அஹதியாவில படிச்சதும் அவ்வளவுதான். கிளாஸ் எடுத்த மவ்லவி அதில தொடங்கேல்ல, அதுக்கே நான் பாதி மார்க்ஸ் குடுப்பன். முதல் நாள் தந்த தாளில நவவி இமாமின்ட மின்ஹாஜ் எண்ட சட்ட நூலில வியாபாரப் பாடத்திலயிருந்து ஒரு துண்டு, பக்கத்தில தமிழ். வாங்கினதில குறை இருந்தால் திருப்பிக் குடுக்கலாம் எண்ட சட்டம். என்னென்ன குறை? அடிமை களவெடுக்கிறது, ஓடிப்போறது, படுக்கையில மூத்திரம் போறது, வாய் நாத்தம். அதோட ஒட்டினபடியே மிருகம் முரண்டு பிடிக்கிறதும் கடிக்கிறதும். எனக்குப் பக்கத்தில இருந்த ராத்தா தாளை மடிச்சு ஹேண்ட்பேக்குக்குள்ள வச்சிட்டா, பிறகு எடுக்கவே இல்ல. நவவி இமாம் எங்கட ஷாஃபி மத்ஹப் எண்ட சட்ட வழியின்ட தூண், நாங்க தொழுறதே அவங்கட கிதாபைப் பார்த்துத்தான், அதே கிதாபில இது கிடக்கு.

குர்ஆன் பகுதி நல்லாப் போச்சு. தவறுதலாக் கொலை செய்தால் ஒரு அடிமையை விடுதலை செய்யோணும், சத்தியத்தை முறிச்சால் குடுக்கிற பரிகாரத்தில அதுவும் ஒண்டு, ஸகாத் போற எட்டுக் கூட்டத்தில அடிமை விடுதலையும் ஒண்டு, அடிமையே ஒப்பந்தம் எழுதித் தரச்சொல்லிக் கேட்டால் தவணைக்குக் காசு கட்டி வெளியேற விடச்சொல்லி ஸூரா நூர் 33ல கிடக்கு. வெளிய போற கதவு நிறைய, உள்ள வாற கதவு ரெண்டே ரெண்டு, போர்க்கைதி, இல்லாட்டி அடிமைத் தாய்க்குப் பிறந்தது, அதால இஸ்லாம் படிப்படியா ஒழிக்கத்தான் பார்த்தது எண்டது மவ்லவியின்ட வாதம். கேக்க நல்லா இருக்கு, ஆனா அவர்தானே பிறகு போர்ட்ல முஸ்லிம் நாடுகள் அடிமை முறையை ஒழிச்ச வருஷங்களையும் எழுதினவர், துனீசியா 1846, கட்டார் 1952, சவூதி 1962, ஓமான் 1970, மொரித்தானியா 1981. படிப்படியா எண்டால் இவ்வளவு படியா? 869ல ஈராக்கின்ட பஸ்ராப் பக்கம் உப்பு நிலம் துப்பரவாக்க விட்டிருந்த ஸன்ஜ் எண்ட கிழக்கு ஆபிரிக்க அடிமையள் கிளம்பி 14 வருஷம் கலீஃபாவின்ட படையோட அடிபட்டதையும் அவரே சொன்னார், அவங்களுக்கு அந்த வெளிக்கதவு ஏன் திறக்கேல்ல எண்டு கேட்டதுக்குச் சிரிச்சுப்போட்டு அஸர் தொழுகைக்கு எழும்பிட்டார்.

அமெரிக்காவில இதைவிட மோசம் எண்டு ஒரு நாள் முழுக்க இழுத்தது சரியான அலுப்பு. பிறகு ரிட்டயரான சேர் ஒராள், சைவ ஆள், எழும்பி, மவ்லவி அவ்வளவு தூரம் போகத் தேவையில்ல, யாழ்ப்பாணத் தமிழரின்ட வழமைச் சட்டமான எங்கட தேசவழமையை ஒல்லாந்தர் 1707ல எழுதி வைக்கேக்க அதிலயும் அடிமையளுக்குத் தனிப் பகுதி இருந்தது, இலங்கையில சட்டப்படி ஒழிஞ்சது 1844ல எண்டார். மற்றவனும் செய்தவன்தானே எண்டு தப்பச் சொல்லேல்ல அவர், எங்கட குப்பையை நாங்களும் கிளறுறம், நீங்களும் கிளறுங்கோ எண்ட மாதிரி. முழுக் கிளாஸ்லயும் எனக்குப் பிடிச்ச இடம் அதுதான்.

குறை எண்டால் பெண்கள் விஷயம். எசமானுக்குப் பிள்ளை பெற்ற அடிமைப் பொம்பிளையை விக்கேலாது, பிள்ளை சுதந்திரமாப் பிறக்கும், எசமான் மவுத்தானால் அவவும் விடுதலை, இவ்வளவையும் விளக்கினார். அதுக்கு முன்னால நடக்கிறதுக்கு அவவிட்ட ஆராவது சம்மதம் கேட்டவங்களா எண்டு திரைக்கு இந்தப்பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டா, அந்தக் காலம் அப்பிடி எண்டு ஒரு வசனத்தோட அடுத்த பக்கத்துக்குப் போயிட்டார். வன்னியில இருக்கிற பொம்பிளையளுக்கு யுத்தத்தில பிடிபடுறது எண்டால் என்னெண்டு ஆரும் படிப்பிக்கத் தேவையில்ல, எந்த இனமெண்டாலும். 2014ல ஐஎஸ் ஆயுதக் குழுக்காரங்கள் ஈராக்கில யஸீதி எண்ட சிறுபான்மை மதப் பெண்களைப் பிடிச்சு வித்தது இதே கிதாபுகளைக் காட்டித்தான். அடிமை முறை உலக ஒருமிப்போட ஒழிஞ்சுது, திருப்பிக் கொண்டுவாறது ஹராம் எண்டு 120க்கு மேல உலமாக்கள் அந்த வருஷமே பகிரங்கக் கடிதம் போட்டவை, நல்ல விஷயம். பழைய இமாம்கள் ஹலால் எண்டதை நாங்க இப்ப ஹராம் எண்ணுறம் எண்டால் எதை வச்சு எண்டதைத்தானே படிப்பிக்க வேணும், அதுக்குத்தானே காசு கட்டி வாறது.

அஞ்சுக்கு மூண்டரை. ஒரு பள்ளிவாசல் மேடையிலயும் இவ்வளவு நேர்மையா நான் கேட்டதில்ல, அதால அடுத்த பட்ச்சுக்கும் போவன். பெண்கள் பக்கம் ஸ்பீக்கர் கரகரக்கும், முன்வரிசை பிடியுங்கோ. கேள்வியைத் துண்டில எழுதிக் குடுத்தால் வாசிக்காமல் விடுறாங்க, வாயால கேளுங்கோ. செட்டிகுளம் பக்கம் போற ஆக்கள் கடைசி அரைமணித்தியாலத்தை விட்டுட்டு வெளிக்கிட்டால்தான் பஸ் கிடைக்கும்.