இம்பெர்ஃபெக்தோ: ஓராண்டுப் புழக்கத்துக்குப் பின்

ஸ்பானிய இறந்தகாலங்களில், பழைய வழக்கத்தையும் நடந்துகொண்டிருந்ததையும் சொல்லும் இம்பெர்ஃபெக்தோவின் வாய்பாடு ஒரே மாலையில் மனப்பாடமாகிவிடும். ஆர் என முடியும் வினைகளுக்கு ஆபா, ஆபாஸ், ஆபா, ஆபாமோஸ், ஆபாய்ஸ், ஆபான். ஏர், இர் இரண்டுக்கும் ஒரே ஈறு: ஈயா, ஈயாஸ், ஈயா, ஈயாமோஸ், ஈயாய்ஸ், ஈயான். தோமார் (குடித்தல்), தோமாபா ஆகும்; கோமேர் (சாப்பிடுதல்), கோமீயா ஆகும். நிகழ்காலத்தில் 'துவெர்மோ' என்று அடியே மாறிப் படுத்தும் தொர்மிர் (தூங்குதல்) வினைகூட இங்கே சாதுவாக 'தொர்மீயா'. ஒழுங்கு மீறுபவை ஸேர் (இருத்தல்), இர் (போதல்), பேர் (பார்த்தல்) என மூன்றே வினைகள்.

பேச்சில் முதலில் இடறுவது, 'நான்', 'அவள்' இரண்டுக்கும் ஒரே வடிவம் என்பதுதான். வெறும் தோமாபா என்றால் குடித்தது யார்? குழப்பம் வருமிடத்தில் யோ (நான்), எயா (அவள்) சேர்த்தாக வேண்டும். ஆபாமோஸில் அழுத்தம் முதல் 'ஆ'மீது. 'மோஸ்' மீது போட்டால் காதுக்கு உறுத்தும். எழுத்தில் அந்த 'ஆ'வுக்கும், ஈயா வரிசையின் எல்லா 'ஈ'க்கும் மேற்கோடு கட்டாயம்.

எங்கே போடுவது என்பதுதான் மாதக்கணக்கில் இழுக்கும். "அப்போதெல்லாம் தினமும் ஆற்றில் குளிப்பேன்" என்று பழைய வழக்கத்தை எதிர்கால வடிவில் சொல்வது தமிழுக்கு இயல்பு. அதே கையோடு ஸ்பானிய எதிர்காலத்தைப் போட்டால், இனிமேல் குளிக்கப்போவதாகிவிடும். 'குளிப்பது வழக்கம்', 'குளித்துக்கொண்டிருந்தேன்' இரண்டில் ஒன்று பொருந்தினால் இம்பெர்ஃபெக்தோ. நல்ல உரைகல்தான், ஆனால் வயது, மணி, பசி, தோற்றம் பற்றிய பின்னணி விவரங்களில் இது உதவாது. தமிழில் 'பசித்தது' என்று முடிந்துவிடும். ஸ்பானியத்தில் அங்கே பெரும்பாலும் 'தெனீயா ஆம்ப்ரே'.

நீண்ட காலம் என்றாலே இம்பெர்ஃபெக்தோ என்று நினைப்பது அடுத்த பிழை. ஐந்து வருடம் வேலை பார்த்து முடிந்தது என்றால், முடிந்துபோன செயலைச் சொல்லும் இன்னொரு இறந்தகாலமான இந்தெஃபினிதோ: த்ரபஹே சிங்கோ ஆன்யோஸ். காலத்தின் நீளம் பொருட்டல்ல, வேலி போட்டாயிற்றா என்பதே கேள்வி. மூன்று தடவை போனேன் என்று எண்ணி முடித்தாலும் அப்படியே. வாரத்துக்கு மூன்று தடவை போவேன் என்றால் மட்டும் இம்பெர்ஃபெக்தோ திரும்ப வரும்.

காப்பிக் கடையில் 'கெரீயா உன் கஃபே' என்று பணிவாகக் கேட்கவும் இதே காலம் உதவுகிறது. சாபேர் (தெரிந்திருத்தல்) போன்ற வினைகளில் நிதானம் தேவை: சாபீயா என்றால் முன்பே தெரிந்திருந்தது, இந்தெஃபினிதோவில் சூபே என்றால் அப்போதுதான் தெரியவந்தது.