எங்கள் பேட்டைக் கோழிச்சோறு

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் சீன உணவகத்துக்குக் குடும்பத்தோடு போனால், பட்டியலைப் புரட்டாமலே நாங்கள் கேட்பது, சீனாவின் ஹைனான் தீவின் பெயரைத் தாங்கிய ஹைனானியக் கோழிச்சோறுதான். கொதி அடங்கிய நீரில் கோழியை மெல்ல வேகவைத்து, உடனே பனிக்கட்டித் தண்ணீரில் அமிழ்த்தி எடுப்பதால், தோலுக்கடியில் மெல்லிய கூழ்ப்படலம் உறைந்து நிற்கிறது. எலும்பை ஒட்டிய இடம் சற்றே இளஞ்சிவப்பாக இருப்பது நம்மவர் சிலருக்குத் தயக்கம் தரலாம். ஆனாலும் இந்த உணவின் உண்மையான ருசி சோற்றில்தான் இருக்கிறது. பூண்டு, இஞ்சியோடு கோழிக்கொழுப்பில் அரிசியை வதக்கி, வாசனைக்கு ரம்பை இலை போட்டு, கோழி வெந்த சாற்றிலேயே வேகவிடுவதால் ஒவ்வொரு பருக்கையும் பளபளத்து உதிர்கிறது. புளிப்பேறிய மிளகாய்ச் சாந்தை நான் மறுபடியும் கேட்டு வாங்குவது வழக்கம். கூடவே வரும் சூப்பில் மட்டும் உப்பு தூக்கல். பகல் ஒரு மணிக்கு மேல் போனால் தொடைக்கறி தீர்ந்து, நெஞ்சுக்கறிதான் கிடைக்கும்.